சனிக்கிழமைச் சம்பளமும் பதினாறு வயசும்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புகார்: பிள்ளை சொன்ன பேச்சு கேட்பதில்லை. காரணத்தையும் பெற்றவர்களே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். செல்போன், சினிமா, சேர்க்கை. நான் திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்தத் தொழில்புத்தி இன்னும் போகவில்லை. ஒரு பிள்ளை மாறிவிட்டது என்றால், அந்த வீட்டில் பணம் என்ன கிழமை வருகிறது, யார் கைக்கு வருகிறது, பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், இதைத்தான் முதலில் கேட்பேன். குணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: டீச்சர், நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மகனுக்கு 16 வயது. பத்தாவது பரீட்சை லீவில் பக்கத்துப் பவர் டேபிளுக்கு (சின்னத் தையல் யூனிட்), டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனான். ஊர் சுற்றாமல் இருக்கட்டும் என்று விட்டோம். இப்போது பிளஸ் ஒன் சேர்த்தும் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். தலைமுடிக்குக் கலர் அடித்திருக்கிறான். தவணையில் போன் வாங்கியிருக்கிறான். கேட்டால் 'என் காசு' என்கிறான். சேர்க்கை சரியில்லை. எப்படித் திருத்துவது?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: சேர்க்கையை விடுங்கள், அம்மா. சனிக்கிழமை சாயங்காலத்தைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பள்ளியில் அவன் யார்? கணக்கில் பின்தங்கினவன், கடைசி பெஞ்சு, 'உனக்கெல்லாம் எதுக்குடா பிளஸ் ஒன்' என்று கேட்கப்படுகிறவன். சனிக்கிழமை ஆறு மணிக்கு அதே பையனைக் காண்ட்ராக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நோட்டை எண்ணிக் கையில் வைத்து, 'தம்பி, திங்கக்கிழமை கொஞ்சம் நேரத்துல வந்துடு, அர்ஜென்ட் பீஸு' என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் ஆசிரியர்கள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ வரவில்லை என்றால் வேலை நிற்கும் என்று ஒருவர் சொல்வது பதினாறு வயதில் பெரிய போதை. முடிக்குக் கலர் அடித்தது அதற்கு அப்புறம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் என் வகுப்பில் கடைசி இரண்டு வரிசை காலியாகும். ஆர்டர் நெருக்கடி. வருகிற பையன்களும் புருவத்தில் பஞ்சுத்தூசியோடு உட்கார்ந்து மூன்றாவது பீரியடில் தூங்குவார்கள். ஒருநாள் வாய்ப்புச் செலவு நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்பு என்று புத்தகத்தில் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி உதாரணம் கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே, 'இப்ப நான் இங்க உட்கார்ந்திருக்கறதுக்கு ஒரு ஷிப்ட் போகுதுங்க டீச்சர்' என்றான். அத்தனை வருடம் நடத்தியதில் எனக்குக் கிடைத்த ஆகச் சரியான பதில் அதுதான். மதிப்பெண் போடத்தான் வழியில்லை.

உங்கள் மகனின் கணக்கு இந்த வாரத்துக்குச் சரி. அதனால்தான் 'படிச்சா பெரிய ஆள் ஆகலாம்' என்ற உங்கள் பேச்சு அவனிடம் எடுபடுவதில்லை. பெரிய ஆள் எப்போது ஆவது, போனுக்குத் தவணை மாதாமாதம் வருகிறதே. கணக்கு எங்கே தப்புகிறது என்று காட்ட வேண்டுமானால் அறிவுரை வேண்டாம். அவன் வேலை செய்யும் அதே டேபிளில் நாற்பது வயதில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற ஒரு அண்ணனிடம் கேட்கச் சொல்லுங்கள். கைமடியிலிருந்து டைலர் ஆகிற வரைக்கும் கூலி சடசடவென்று ஏறும். அதற்கு மேல் பீஸ் ரேட்டுதான், இடுப்பு வலிதான். முப்பது வயதுக்காரருக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. இதை உங்கள் வாயால் சொன்னால் கேட்க மாட்டான். அந்த அண்ணன் சொன்னால் கேட்பான்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான கேள்வி. அவன் கொண்டுவந்த காசில் ஒரு பங்கு வீட்டு வாடகைக்கோ சீட்டுக்கோ போனதா? போயிருந்தால் தப்பென்று சொல்ல நான் யார். ஆனால் சனிக்கிழமை அவனிடம் காசு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை 'சின்னப் பையன் மாதிரி சொன்ன பேச்சைக் கேளு' என்றால் அவனுக்குப் புரியாது. சம்பாதிக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி உட்காரவைத்துப் பேசுங்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது, அதில் அவனுடைய காசு இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று தொகையைச் சொல்லியே பேசுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கூலி வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. அதனால் உங்கள் மகன் மடிக்கிற வேலைக்குப் போனதே குற்றம் என்று ஆகிவிடாது. ஆனால் இந்த வயதில் ராத்திரி வேலையும் ஓவர்டைமும் கூடாது. 'இன்னிக்கு ஒன்றரை ஷிப்ட் இருடா' என்று நிறுத்திவைத்தால் அந்தக் காண்ட்ராக்டரிடம் நீங்கள் தைரியமாகப் போய்க் கேட்கலாம்.

சேர்க்கை என்று எழுதினீர்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். அமெரிக்காவில் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடிகள் வாழும் பகுதி இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்து ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 1993 முதல் அந்த வட்டாரத்தில் 1,420 பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் ஆண்டுதோறும் கவனித்து வந்தார்கள். நடுவில் 1996 வாக்கில் செரோக்கிகள் ஒரு சூதாட்ட விடுதி திறந்தார்கள். அதன் லாபத்தில் ஒரு பங்கு அந்தச் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் வர ஆரம்பித்தது. வேலைக்கும் தகுதிக்கும் சம்பந்தமில்லாத பணம். சில குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அடிதடி, எதிர்த்துப் பேசுவது, திருட்டு போன்ற தொல்லைகள் குறைந்து, ஏழையாகவே இருந்திராத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டன. மனச்சோர்வு, பதற்றம் இரண்டும் அவ்வளவாக மாறவில்லை. ஏன் குறைந்தது என்று தேடிப் பார்த்ததில் முக்கியமாகக் கிடைத்த காரணம், பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது என்பது. 2003-இல் இதை வெளியிட்டார்கள். நான் படித்த ஆராய்ச்சிகளில் பெற்றோரைத் திட்டாமல் முடிந்தது இது ஒன்றுதான் என்று தோன்றும்.

நமக்கு எந்த விடுதியும் காசு அனுப்பப் போவதில்லை, தெரியும். ஆனால் நீங்கள் இரண்டு பேருமே ராத்திரி எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திருப்பூரில் அதுதானே வழக்கம். பள்ளி விடும் நேரத்திலிருந்து எட்டரை வரை அந்த வீட்டில் யாரும் இல்லை. அந்த நான்கு மணி நேரத்தை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள், அதற்குத்தான் சேர்க்கை என்று பெயர் வைக்கிறோம். இரண்டு பேரில் ஒருவர் வாரத்தில் சில நாளாவது அரை ஷிப்ட்டை விட முடியுமா? வருமானம் குறையும். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டு, அவன் போனுக்குக் கட்டுகிற தவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முடியாது என்றால் அம்மிச்சியோ (அம்மாவின் அம்மா) சித்தியோ அந்த நேரத்துக்கு வந்து இருக்க ஏற்பாடு செய்யுங்கள். இருந்து கண்காணிக்க வேண்டியதில்லை. சோறு போட்டால் போதும்.

பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் மட்டும் வாங்கிவிடாதீர்கள். பிளஸ் ஒன் ஒட்டவே இல்லை என்றால் ஐடிஐ இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது, கல்லூரிக்கு மட்டுமில்லை, டிப்ளமோ, ஐடிஐக்கும் உண்டு. கைமடிக் கூலிக்கு அது ஈடாகாது. இருந்தாலும் மாதாமாதம் அவன் கணக்கில் விழும் காசு. அந்தப் பேச்சு அவனுக்குப் புரியும்.

முடிக் கலரை விட்டுவிடுங்கள். அது வளர்ந்து போய்விடும்.

கேள்வி: எங்கள் காலத்தில் வருஷத்துக்கு ஒரு ஜோடி சட்டை. கிழிந்தாலும் தைத்துப் போட்டுக்கொண்டு ஒழுக்கமாக வளர்ந்தோம். வறுமை எங்களைக் கெடுக்கவில்லையே? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வசதி கூடிப்போனதுதான் காரணம் என்கிறேன்.
– 74 வயது வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்தாவதோடு மாடு மேய்க்கப் போனவர்கள் இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதில்லை. அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியதே பசித்த பிள்ளை பள்ளிக்கே வராது என்பதால்தான். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்க வேண்டியிருந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரு ஜோடிதான். மிராசுதார் வீட்டுப் பையன் எத்தனை சட்டை வைத்திருந்தான் என்று பார்க்க நீங்கள் அவர் வீட்டு முற்றத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். இன்றைக்கு அந்த முற்றம் எல்லாப் பிள்ளையின் கையிலும் வெளிச்சமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: நான் லாரி ஓட்டுகிறேன். மகனை நாமக்கல் பக்கம் ஒரு பெரிய உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டுகிறேன். போன மாதம் 6,000 ரூபாய்க்கு ஷூ கேட்டான். முடியாது என்றதும் மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்க்கப் போனால் சரியாகப் பேசுவதில்லை. நான் வேட்டியோடு போனால் கேட்டுக்குள் வரவேண்டாம் என்கிறான். நன்றி கெட்ட பிள்ளையா?
– ராசிபுரம்

பதில்: இல்லைங்க. உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்திருந்தால் அவன் ஒரு லாரி டிரைவரின் மகன், கொஞ்சம் வசதியானவன். கோழிப்பண்ணைக்காரர், டாக்டர், போர்வெல் ரிக் வண்டி முதலாளி பிள்ளைகள் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தீர்கள். உங்கள் வருமானம் ஒரு ரூபாயும் குறையவில்லை, அவன் மட்டும் ஒரே நாளில் ஏழையாகிவிட்டான். ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே சாப்பாடு, ஒரே கட்டில். வித்தியாசம் காட்ட மிச்சம் இருப்பது காலும் கைக்கடிகாரமும்தான். ஞாயிற்றுக்கிழமை கேட் வாசலில் எந்த வண்டி வந்து நிற்கிறது என்பதும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்குள்ளே பெயரெடுக்க வேறு வழியும் கிடையாது. விளையாட்டு பீரியடைக்கூட நீட், ஜேஇஇ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வேட்டி விஷயம் உங்களுக்கு வலித்திருக்கும். அதை அவனிடம் நேரடியாகச் சொல்லுங்கள், ஒருமுறை, கோபமில்லாமல். 'நீ சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு' என்றால் போதும். அதற்கு மேல் 'உனக்காக ராத்திரி பகலா ஸ்டியரிங் பிடிக்கிறேன்' என்று ஆரம்பிக்காதீர்கள். அவனுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் வெட்கம்.

ஆனால் கணக்கு அவனுக்குத் தெரியுமா? லோடுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, டோல், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், அப்புறம் ஃபீஸ் கடனுக்கு வட்டி. நம் ஊரில் பிள்ளைக்குக் கஷ்டம் தெரியக் கூடாது என்று இதையெல்லாம் மறைப்பதைப் பாசம் என்று வைத்திருக்கிறோம். 1930-களில் உலகமே பொருளாதாரச் சரிவில் கிடந்தபோது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 1920, 1921 வாக்கில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் அந்தப் பதிவுகளை அலசினார். வீட்டில் வருமானம் விழுந்ததும் பையன்கள் சின்ன வேலைகளுக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் வீட்டுவேலையைச் சுமந்தார்கள். குடும்பத்துக்குத் தான் தேவை என்று உணர்ந்த அந்த வயதுப் பிள்ளைகளில் பலர் பொறுப்பாகத்தான் வளர்ந்தார்கள். அடி விழுந்தது வேறு வழியில்: காசு போன அப்பாக்கள் எரிந்து விழுந்தார்கள், அந்தக் கோபம் பிள்ளைகளைப் பாதித்தது.

அடுத்த லீவில் ஒரு பயணம் அவனைக் கூடவே கூட்டிப்போங்கள். ரசீதுகளை அவன் கையில் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கேள்வியை நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பள்ளி அவனுக்காகவா, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளவா? அவன் கேட்கும் ஷூவும் அதே மாதிரிதான்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. டியூஷனுக்கு ஆறு கிலோமீட்டர். வகுப்பில் எல்லாரும் பைக்கில் வருகிறார்கள். 'நான் அந்த வயசிலேயே ஓட்டினேன்' என்கிறார் அவன் அப்பா. கொடுக்கலாமா?
– ஈரோடு

பதில்: கூடாது. அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கியர் இல்லாத 50 சிசி வண்டியையே 16 வயதுக்குப் பிறகுதான் ஓட்டலாம்.

'என் பையன் நிதானமாகத்தான் ஓட்டுவான்' என்பீர்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது நிதானமாகத்தான் ஓட்டுவான். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. தனியாக இருந்தபோது பதின்வயதினர் பெரியவர்களைவிட ரொம்ப மோசமில்லை. சேர்ந்த நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததும் அதே பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நம் ஊரில் 'ட்ரிபிள்ஸ்' போகிற வண்டிகள்தான் ஏன் முறுக்கிக்கொண்டு பறக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

சைக்கிள் கொடுத்தால் ஓட்ட வெட்கப்படுவான். அரசு தரும் இலவச சைக்கிளையே பையன்கள் வேறு பெயிண்ட் அடித்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரே கலரில் இருப்பதால் தூரத்திலிருந்தே எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடுமாம். அடித்துக்கொள்ளட்டும். பெயிண்ட் டப்பா 25,000 ரூபாய் இல்லை.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எட்டு, ஒன்பது படிக்கிற பையன்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். கழற்றச் சொன்னால் கழற்றுகிறார்கள், மறுநாள் புதுக் கயிறு. பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். படிப்பு வந்தால் சாதி போகும் என்றார்களே டீச்சர்?
– திருநெல்வேலி மாவட்டம்

பதில்: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. தொல்லை தாங்காமல் அவன் பள்ளியில் புகார் சொன்னதுதான் காரணமாக இருந்தது. அந்தப் பையன் சிகிச்சையில் இருந்து மீண்டு அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேறினான். வெட்டியவர்களும் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான். படிப்பு மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதி நிறம் பூசிய சைக்கிள் எல்லாவற்றையும் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி போக வேண்டும், ஆசிரியர்களை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும் என்றது. எல்லாம் சரியான பேச்சு. என் கேள்வி வேறு. கயிற்றுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்?

எட்டாம் வகுப்புப் பையன் தானாகக் கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்குவதில்லை. ஊரில் இருபத்தைந்து வயதில் ஒரு அண்ணன் இருப்பார். டிப்ளமோவோ டிகிரியோ முடித்திருப்பார். வேலை என்றால் சென்னை, கோவை, இல்லை வளைகுடா. போய்விட்டுத் திரும்பி வந்திருக்கவும் கூடும். அப்பாவுக்கு இருந்த வயல் அண்ணன் தம்பிக்குள் பிரிந்து ஒன்றுமில்லாமல் ஆகியிருக்கும். நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம், எதிர்பார்த்தது வரவில்லை. அந்த அண்ணனுக்கு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே பதவி சாதிப் பதவி. கோயில் கொடைக்கு ஃபிளெக்ஸ் வைப்பது, கபடி டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுப்பது, பதிமூன்று வயதுப் பையனின் தோளில் கை போட்டு 'நம்ம ஆளுடா' என்பது. அந்தப் பையனை அதுவரைக்கும் அப்படி யாரும் தோளில் கை போட்டுக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கயிற்றோடு அவனுக்கு ஜெர்சியும் பிரியாணியும் ஓர் அண்ணனும் கிடைக்கிறார்கள். நீங்கள் கயிற்றை மட்டும் கழற்றுகிறீர்கள்.

வகுப்பு நடுவில் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், அது அவனை நாயகன் ஆக்கிவிடும். தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள். அப்புறம், உடற்கல்வி பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதை நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளி கபடி டீமைத் தெரு வாரியாக இல்லாமல் கலந்து பிரித்துவிடுங்கள், பள்ளிக்கென்று ஒரு நிறத்தில் ஜெர்சி கொடுங்கள். முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் ஜெர்சிக்குக் காசு தருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் எல்லாச் சாதியிலிருந்தும் வாங்குங்கள். கடைசியாக, அந்த அண்ணனைத் தேடிப் போய் ஒரு டீ சாப்பிடுங்கள். பெரும்பாலும் அவரும் உங்கள் பள்ளியில் படித்தவராகத்தான் இருப்பார். சாருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கும்.

மிரட்டல், கத்தி என்று போனால் டீ எல்லாம் உதவாது. எழுத்தில் புகார் கொடுங்கள், பிள்ளையைப் பாதுகாக்கக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் பிளஸ் டூ படிக்கிறேன். பரீட்சை முடிந்ததும் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகச் சொல்கிறாங்க அம்மா. மூணு வருஷம் போனா நகைக்கு ஆகுமாம். அண்ணனுக்கு மட்டும் கடன் வாங்கி பைக் எடுத்துக் கொடுத்தாங்க. நான் ஏதாவது கேட்டால் திமிர் பிடிச்சவள்னு சொல்றாங்க. இப்ப நான் யார்கிட்டயும் பேசறதில்ல, சரியா சாப்பிடறதுமில்ல. என்கிட்ட என்ன தப்பு?
– மாணவி, வேடசந்தூர் பக்கம்

பதில்: கண்ணு, உன்கிட்ட ஒரு தப்பும் இல்லை. வீட்டில் காசு முடை வந்தால் பையன் சத்தம் போடுவான், அந்தச் சத்தத்துக்குப் பயந்து கடனாவது வாங்கி ஏதாவது செய்துவிடுவார்கள். பெண்பிள்ளை வாயை மூடிக்கொண்டு தட்டைத் தள்ளிவைக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. முதல் வேலையாகச் சாப்பிடு. நீ பட்டினி கிடப்பதால் அந்த வீட்டில் மிச்சமாவது ஒரு பிடி அரிசி.

அம்மா மேல் கோபப்படாதே. உங்கள் பக்கத்து மில்களில் ஒரு காலத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்றே பெயர் வைத்து ஆள் எடுத்தார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு அந்தத் தொகை பெரும்பாலும் கிடைக்காது. உன் அம்மாவுக்கு அந்த மொத்தத் தொகைதான் கண்ணில் நிற்கிறது, ஏனென்றால் வீட்டில் மொத்தமாகப் பணம் வருகிற வேறு வழியே இல்லை. அதனால் நீயும் காசுக் கணக்கிலேயே பேச வேண்டும். 'நான் படிக்கணும்' என்று மட்டும் சொன்னால் அது உன் ஆசையாக மட்டும் காதில் விழும்.

ஒரு தாளில் எழுது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 'புதுமைப்பெண்' திட்டத்தில் கல்லூரி முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். மூன்று வருடப் படிப்புக்கு 36,000 வரை வரும். வீட்டிலிருந்து போய்வர நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திண்டுக்கல்லிலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது, தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் ரொம்பக் குறைவு. பொறியியல், மருத்துவம், வேளாண்மை மாதிரி படிப்புகளுக்கு மதிப்பெண் வரும் என்றால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும். இதற்கு எதிரே மில் தருவதாகச் சொல்லும் தொகையையும் நேர்மையாக எழுது. மில் தொகைதான் பெரிதாக இருக்கும், பயப்படாதே. அதற்குக் கீழே மூன்று வருடத்துக்கு அப்புறம் நீ என்ன வேலைக்குப் போக முடியும், என்ன சம்பளம் வரும் என்று இரண்டு பக்கத்துக்கும் எழுது.

அந்தத் தாளை நீ தனியாகக் கொண்டுபோய் நீட்டாதே. வகுப்பு டீச்சரிடம் முதலில் காட்டு. அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லி, டீச்சர் வாயால் சொல்ல வை. கூடவே போன வருடம் கல்லூரி சேர்ந்த உன் ஊர் அக்கா யாராவது இருந்தால் அவளையும் அழைத்துக்கொள். அம்மாவுக்குப் பயம் காசைப் பற்றி மட்டுமில்லை, பிள்ளை வெளியே போய் என்ன ஆகுமோ என்பதும்தான். தினம் போய் வருகிற ஒருத்தியைக் கண்ணால் பார்த்தால் அது பாதி குறையும்.

ராத்திரியில் மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. வேலைக்கோ கல்யாணத்துக்கோ கட்டாயப்படுத்தினால் 18 வயது ஆகிறவரை 1098 உனக்கும் உண்டு.

கல்லூரி விண்ணப்பம் வழக்கமாக மே மாதத்தில் ஆன்லைனில் வரும். பள்ளியில் இருக்கும்போதே வங்கிக் கணக்கு உன் பெயரில் இருக்கிறதா, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடு. அந்த 1,000 ரூபாய் நேராக உன் கணக்குக்குத்தான் வரும். ஏடிஎம் கார்டை அண்ணனிடம் கொடுத்து வைக்காதே, பைக்குக்குப் பெட்ரோல் போட்டுவிடுவான்.